சுண்ணாம்புக் கம்பத்தில் உழைத்த கைதிகள்

குற்றம் புரிவது மனிதனின் சொந்த விருப்பமா, சமூகச் சூழலின் விளைவா? ஆசிரியர்களும் பெற்றோரும் சிந்திக்க வேண்டிய இவ்வினாவிற்கு நம் சிராங்கூன் வட்டார வரலாறு விடை கூறுகிறது.

சிராங்கூன் சாலைப் பகுதியை நம் முன்னோர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றழைத்தனர். சுண்ணாம்புக் காளவாய்கள் இங்கு இருந்தமையே காரணம். அரசாங்கச் செங்கற்சூளையும் இங்கு இயங்கியது. அதில் உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அவர்களுள் முதல் குழுவினர், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 பேர், 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து வந்திறங்கினர்.

கைதிகள் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். நன்னடத்தை உடையவர் படிப்படியாக உயர்ந்தனர், விலங்கு நீங்கியது, தச்சு, கொத்து வேலைகளைக் கற்றனர், சிலர் சக கைதிகளுக்கே காவலர் ஆயினர். இறுதியில் சிறைக்கு வெளியே வாழும் அனுமதியும் கிட்டியது. தவறியவர்கள் கீழ் வகுப்புக்கு இறக்கப்பட்டனர். 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமும், 1869இல் முடிவுற்ற இஸ்தானாவும் அவர்தம் கைவண்ணமே. 1873இல் இம்முறை முடிவுக்கு வந்தது. எஞ்சிய கைதிகள் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலை பெற்றோர் பலர் இங்கேயே குடியமர்ந்தனர்.

இதே காலத்தில், 1871இல், ஆங்கிலேய அரசு இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. பின்னர் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. கள்ளர் முதலிய சமூகத்தார் பிறப்பினாலேயே ஐயத்திற்குரியவர் ஆயினர்; கைரேகை பதித்துக் காவலர் கண்காணிப்பில் வாழ்ந்தனர். இந்தியா முழுவதும் அச்சட்டம் நீங்கியது 1952இல்தான்.

அங்கே, குற்றமே செய்யாதவனும் குற்றவாளி. எப்படி நடந்தாலும் பெயர் மாறாது. இங்கே, தண்டிக்கப்பட்டவனுக்கும் ஏறிச்செல்லப் படிகள் இருந்தன. கைதிகளின் உழைப்பைக் குறைந்த செலவில் பெறுவதே ஆட்சியாளரின் நோக்கம் என்பதையும் மறத்தலாகாது. எனினும் ஓர் உண்மை புலனாகிறது. ஏறுவதும் இறங்குவதும் தனிமனிதன் தெரிவு. படிகளை அமைப்பது சமூகத்தின் கடமை. படியே இல்லாதவனிடம் "ஏன் ஏறவில்லை?" என்று கேட்பது நீதியன்று.

வகுப்பறையிலும் வீட்டிலும் ஒரு பிள்ளையை "இவன் திருந்தமாட்டான்" என்கிறோம். அச்சொல்லும் ஒரு சிறிய குற்றப் பரம்பரைச் சட்டமே என்பது என் கருத்து. தவற்றைக் கண்டிப்போம், அதற்கான பொறுப்பையும் பிள்ளை ஏற்கட்டும். ஆனால், நாளை அவன் ஏறுவதற்கு ஒரு படியை நாம் விட்டுவைத்திருக்க வேண்டும்.