பிரேசிலில் கணினி விலை உயர்ந்த வரலாறு

ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்யப்பட்ட இரண்டு கணினிகள் இரு வேறு நாடுகளின் கடைகளுக்குப் போய்ச் சேரும்போது இரு வேறு விலைகளில் விற்கப்படுகின்றன. சிப்பும் நினைவகமும் திரையும் ஒன்றே. கப்பல் கூலி இந்த வேறுபாட்டில் சிறு பங்கே வகிக்கிறது. பெரும்பகுதி அந்தந்த நாட்டின் எல்லையைக் கடந்த பின்னரே விலையில் சேர்கிறது. சுங்கவரி, உள்நாட்டு வரிகள், இறக்குமதிக் கட்டுப்பாடு, நாணய மாற்று விகிதம், வணிகர்களின் இலாபம், உற்பத்தியாளர் அந்தச் சந்தைக்கென நிர்ணயிக்கும் விலை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன.

இந்த அடுக்குகள் எப்படி உருவாயின என்பதை அறியப் பிரேசில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஆகும். வெளிநாட்டுச் சிறு கணினிகளுக்குத் தன் சந்தையைச் சட்டம் போட்டு மூடிய நாடு அது. அச்சட்டம் 1992-இல் முடிவுக்கு வந்தது. ஆனால் அதன் பிறகும் அங்குக் கணினியும் அதைச் சார்ந்த கருவிகளும் விலை மிகுந்தே இருந்து வருகின்றன.

பின்னணி

1964 முதல் 1985 வரை பிரேசிலை இராணுவ அரசு ஆண்டது. 1970-களின் தொடக்கத்தில் அந்நாட்டுக் கடற்படை பிரிட்டனிடமிருந்து புதிய போர்க்கப்பல்களை வாங்கியது. அக்கப்பல்களின் ஆயுதங்களை இயக்கியவை பிரிட்டனின் ஃபெர்ராண்டி நிறுவனத்தின் கணினிகள். அவை பழுதானால் அயல்நாட்டாரையே எதிர்பார்த்திருக்க வேண்டும் என்ற நிலை கடற்படை அதிகாரிகளைக் கவலைக்குள்ளாக்கியது. கணினியைச் செய்யவும் பழுது பார்க்கவும் தெரிந்த சொந்தப் பொறியாளர்கள் தேவை என்ற எண்ணம் அரசுக்குள் வலுப்பெற்றது. பல்கலைக்கழகங்களில் பயின்ற இளம் பொறியாளர்களும் இதையே விரும்பினர். அயல்நாட்டு நிறுவனங்களில் அவர்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் விற்பனையும் பராமரிப்புமே. வடிவமைப்பு வேலை அங்கு இல்லை.

1972-இல் அரசுத் துறைகளின் கணினிப் பயன்பாட்டை ஒருங்கிணைக்கக் காப்ரே என்ற ஆணையம் அமைக்கப்பட்டது. 1974-இல் அரசின் பங்கேற்புடன் கோப்ரா என்ற கணினி நிறுவனம் தொடங்கப்பட்டது. இதற்கிடையில் 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி பிரேசிலின் அன்னியச் செலாவணிக் கையிருப்பைக் கரைத்தது. டாலரைச் சேமிக்க 1975 இறுதியில் கணினி இறக்குமதிக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் காப்ரேயிடம் ஒப்படைக்கப்பட்டது. இவ்வாறு, செலவைக் குறைப்பதற்காகத் தரப்பட்ட அதிகாரம் ஒரு தொழிலை வளர்க்கும் கருவியாக மாறியது.

சந்தை ஒதுக்கீடு

ஐ.பி.எம். நிறுவனம் தனது சிறிய வணிகக் கணினி ஒன்றைப் பிரேசிலிலேயே தயாரிக்க விரும்பியது. 1977-இல் காப்ரே அதை ஏற்க மறுத்து, மினி கணினிச் சந்தையை உள்நாட்டு நிறுவனங்களுக்கென ஒதுக்கியது. பெரிய கணினிகள் அயல்நாட்டு நிறுவனங்களின் கையிலேயே விடப்பட்டன. சிறிய கணினிகளில் மட்டும் உள்நாட்டார் வளரட்டும் என்பதே திட்டம்.

1979-இல் காப்ரே கலைக்கப்பட்டு, தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் கீழ் தகவலியல் சிறப்புச் செயலகம் அமைக்கப்பட்டது. கணினி என்பது வணிகப் பொருள் மட்டுமன்று, நாட்டின் பாதுகாப்பு சார்ந்த பொருள் என்ற பார்வையை இம்மாற்றம் காட்டுகிறது. 1984 அக்டோபர் 29 அன்று தகவலியல் சட்டம் நிறைவேறியது. சந்தை ஒதுக்கீடு எட்டு ஆண்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. இடதுசாரிகளும் வலதுசாரிகளும் சேர்ந்தே இதை ஆதரித்தனர்.

இக்கொள்கையின் மையத்தில் இருந்தது 'ஒத்த பொருள்' என்னும் விதி. உள்நாட்டில் ஒத்த பொருள் ஒன்று தயாரிக்கப்பட்டால், அயல்நாட்டுப் பொருளை இறக்குமதி செய்ய அனுமதி கிடையாது. உள்நாட்டுப் பொருள் பழைய தொழில்நுட்பத்தில் அமைந்திருந்தாலும், விலை கூடுதலாக இருந்தாலும் வாங்குபவருக்கு வேறு வழி இல்லை.

நகல் கணினிகளின் காலம்

புதிய நிறுவனங்கள் பல தோன்றின. மைக்ரோடிஜிட்டல் நிறுவனம் பிரிட்டனின் சின்க்ளேர் கணினிகளை ஒத்த கருவிகளைச் செய்தது. 1985-இல் வந்த அதன் டி.கே.90 எக்ஸ், சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணினியின் நகல். ப்ரோலாஜிக்கா நிறுவனம் அமெரிக்காவின் டி.ஆர்.எஸ்.-80 வகைக் கணினியைப் பின்பற்றியது. ஆப்பிள் 2 கணினிக்கும் நகல்கள் பல இருந்தன. யூனிட்ரான் நிறுவனம் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிக்கே ஒரு நகலை உருவாக்கியது. அமெரிக்க அழுத்தத்திற்கிடையே அனுமதி கிடைக்காததால் அது விற்பனைக்கு வரவில்லை.

ஒரு கணினியைப் பிரித்துப் பார்த்து மீண்டும் உருவாக்குவதற்குத் திறமை வேண்டும். அத்திறமை பிரேசில் பொறியாளர்களிடம் வளர்ந்தது. ஆயினும் விலை குறையவில்லை. சிப்புகளில் பெரும்பாலானவை வெளியிலிருந்தே வந்தன. ஒரு சிறிய சந்தையைப் பல நிறுவனங்கள் பங்கிட்டதால் ஒவ்வொன்றின் உற்பத்தி அளவும் சிறிதாக இருந்தது. கணினித் தொழிலில் உற்பத்தி அளவு பெருகினால்தான் ஒரு கருவிக்கான செலவு குறையும். போட்டி எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டதால் விலையைக் குறைக்கும் கட்டாயமும் இல்லை. அக்காலத்தை ஆராய்ந்தவர்கள் உள்நாட்டுக் கணினியின் விலை பன்னாட்டு விலையைப் போல் இரு மடங்கோ அதற்கு மேலோ இருந்ததாகக் குறிப்பிடுகின்றனர்.

அமெரிக்காவுடன் தகராறு

1985 செப்டம்பர் 7 அன்று அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன், பிரேசிலின் கணினிக் கொள்கை குறித்து வணிகச் சட்டத்தின் கீழ் விசாரணை தொடங்குவதாக அறிவித்தார். அந்த நாள் பிரேசிலின் விடுதலை நாளாகவும் அமைந்ததால் அங்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் மைக்ரோசாஃப்ட்டின் எம்.எஸ்.-டாஸ் மென்பொருளுக்கு, உள்நாட்டில் ஒத்த மென்பொருள் உள்ளது எனக் கூறிச் செயலகம் உரிமம் மறுத்தது. இதையடுத்து 1987 நவம்பரில் 10.5 கோடி டாலர் அளவுக்குப் பிரேசில் பொருள்கள்மீது தண்டனை வரி விதிக்கப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. அடுத்த மாதமே பிரேசில் மென்பொருள் காப்புரிமைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. அறிவித்த வரி நடைமுறைக்கு வரவில்லை. எனினும், கணினித் தொழிலின் பாதுகாப்புக்காகப் பிற ஏற்றுமதித் தொழில்கள் விலை கொடுக்க நேரலாம் என்பது உள்நாட்டுத் தொழிலதிபர்களுக்குப் புரிந்தது. கொள்கைக்கு இருந்த ஆதரவு கரையத் தொடங்கியது.

பாலத்தின் மறுகரை

பிரேசிலின் ஃபோஸ் டோ இகுவாசு நகரத்திலிருந்து பரானா ஆற்றின் பாலத்தைக் கடந்தால் பராகுவே நாட்டின் சியுதாத் டெல் எஸ்தே நகரம். 1965-இல் திறக்கப்பட்ட இந்த நட்புறவுப் பாலத்தின் மறுகரையில் குறைந்த வரியில் மின்னணுப் பொருள்கள் கிடைத்தன. பைகளிலும் பேருந்துகளிலும் அவை பிரேசிலுக்குள் வந்தன. எல்லையின் இருபுறமும் விலை பெரிதும் வேறுபடும்போது, அந்த இடைவெளியே ஒருவருக்குப் பிழைப்பாகிறது. கடத்தல் பொருளை வாங்கியவருக்கு இரசீதோ உத்தரவாதமோ கிடையாது. அரசுக்கு வரி கிடைக்கவில்லை. சட்டப்படி விற்ற உள்நாட்டு நிறுவனமோ தன் வாடிக்கையாளரை இழந்தது. காக்க எழுப்பிய சுவரே காக்கப்பட வேண்டியவரைப் பலவீனப்படுத்தியது.

ஒதுக்கீடு முடிந்தது, வரி தொடர்ந்தது

1990 மார்ச்சில் அதிபரான பெர்னாண்டோ கோல்லோர் இறக்குமதிக்குச் சந்தையைத் திறந்தார். 1991 அக்டோபரில் புதிய தகவலியல் சட்டம் இயற்றப்பட்டது. 1992 அக்டோபரில் சந்தை ஒதுக்கீடு முடிவுக்கு வந்தது. நகல் கணினி நிறுவனங்கள் பல மறைந்தன.

புதிய சட்டம் தடைக்குப் பதிலாக வரிச் சலுகையைக் கையாண்டது. குறிப்பிட்ட உற்பத்திப் படிகளைப் பிரேசிலுக்குள் செய்து, வருவாயில் 5 விழுக்காட்டை ஆராய்ச்சிக்குச் செலவிடும் நிறுவனத்திற்கு வரி குறைக்கப்பட்டது. அமேசான் காட்டின் நடுவே உள்ள மனாவுஸ் நகரில் 1967 முதல் இயங்கும் வரிச்சலுகை மண்டலத்திலும் மின்னணுப் பொருள்கள் பொருத்தப்பட்டன. வெளியிலிருந்து முழுமையாக வரும் கணினிக்கோ எல்லா வரிகளும் விழுந்தன.

இவ்வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கணக்கிடப்படுவதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் அறியலாம். இங்குள்ள விகிதங்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. 100 மதிப்புள்ள ஒரு கருவிக்குச் சுங்கவரி 16 விழுக்காடு எனில் விலை 116 ஆகும். அந்த 116-இன்மீது உற்பத்தி வரி 15 விழுக்காடு சேர்ந்தால் 133.40. அடுத்து மாநில அரசின் வரி 18 விழுக்காடு. பிரேசிலில் இவ்வரி, வரியையும் உள்ளடக்கிய இறுதி விலையின்மீது கணக்கிடப்படுகிறது. ஆகவே 133.40-ஐ 0.82-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 162.70. மூன்று விகிதங்களையும் கூட்டினால் 49 தான். ஆனால் விலை ஏறியது ஏறத்தாழ 63 விழுக்காடு. வணிகர் இதன்மீது 20 விழுக்காடு இலாபம் வைத்தால் விலை சுமார் 195 ஆகிவிடும். அவர் தன் இலாப விகிதத்தை உயர்த்தவில்லை; ஆயினும் வரியின்மீதும் இலாபம் கணக்கிடப்படுகிறது.

2013-இல் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 4 அமெரிக்காவில் 399 டாலருக்கு வந்தது. பிரேசிலில் அறிவிக்கப்பட்ட விலை 3,999 ரியால். அன்றைய மாற்று விகிதப்படி அது சுமார் 1,800 டாலர். விலையில் 63 விழுக்காடு வரிகளே என்று அந்நிறுவனம் விளக்கம் அளித்தது. 2015-இல் அக்கருவி பிரேசிலிலேயே தயாரிக்கப்பட்டபோது விலை 2,599 ரியாலாகக் குறைந்தது. அப்போதும் அமெரிக்க விலையைவிட அது மிக அதிகமே.

வரியைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் பிரேசிலிலேயே சான்று உண்டு. 2005-இல் குறிப்பிட்ட விலைக்குட்பட்ட கணினிகளுக்கு இரண்டு நடுவண் வரிகள் நீக்கப்பட்டன. சட்டப்படியான கணினி விற்பனை பெருகியது. கள்ளச் சந்தையின் பங்கு சுருங்கியது.

இந்தியாவுடன் ஓர் ஒப்பீடு

இந்தியாவும் ஏறத்தாழ இதே காலத்தில் இதே பாதையில் நடந்தது. 1967-இல் ஐதராபாத்தில் இந்திய மின்னணுக் கழகம் தொடங்கப்பட்டது. அயல்நாட்டுப் பங்குடைமையைக் கட்டுப்படுத்திய 1973-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணிச் சட்டத்தை ஏற்க இயலாமல் ஐ.பி.எம். 1978-இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. ஆனால் 1984 நவம்பரில், அதாவது பிரேசில் தன் கதவை அடைத்த அடுத்த மாதத்தில், இந்தியாவின் புதிய கணினிக் கொள்கை இறக்குமதியை எளிதாக்கியது.

1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாடு உருவானது. கணினி, அதன் உதிரிப் பாகங்கள் ஆகியவற்றின் சுங்கவரியை நீக்குவது இதன் நோக்கம். 1997-இல் இணைந்த இந்தியா 2005-க்குள் இவ்வரிகளை நீக்கியது. பிரேசில் இணையவே இல்லை. இன்று இந்தியாவில் மடிக்கணினிக்குச் சுங்கவரி இல்லாவிட்டாலும் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. 2023 ஆகஸ்டில் மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என இந்தியா அறிவித்து, பின்னர் அதைத் தளர்த்தியது. உள்நாட்டுத் தொழிலா, குறைந்த விலையா என்ற பழைய கேள்வி இன்னும் ஓயவில்லை.

வரி குறைந்த நாட்டிலும் விலை கூடலாம்

எல்லா விலை வேறுபாட்டுக்கும் அரசே காரணம் எனக் கொள்வதும் தவறு. ஆஸ்திரேலியாவில் பொது விற்பனை வரி 10 விழுக்காடு மட்டுமே. ஆயினும் தகவல் தொழில்நுட்பப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கரைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக ஆஸ்திரேலியர்கள் செலுத்துவதாக 2013-இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு அறிக்கை அளித்தது. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், அடோபி நிறுவனங்களின் அலுவலர்கள் அக்குழுவின்முன் விளக்கம் அளிக்க அழைக்கப்பட்டனர். கூடுதலாகச் செலுத்தக்கூடிய சந்தையில் கூடுதல் விலை வைப்பது வணிகத்தின் இயல்பு. ஒரு நாட்டில் வாங்கிய பொருளுக்கு மற்றொரு நாட்டில் உத்தரவாதம் மறுப்பது போன்ற வழிகளால் இது நிலைநிறுத்தப்படுகிறது.

விலைகளை ஒப்பிடுவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கடைகள் காட்டும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. ஐரோப்பாவில் சேர்ந்தே இருக்கும்.

மதிப்பீடு

பிரேசிலின் சந்தை ஒதுக்கீட்டை முழுத் தோல்வி என்று ஒதுக்கிவிட முடியாது. கடும் பணவீக்கக் காலத்தில் அந்நாட்டு வங்கிகள் பணத்தை நாள்தோறும் கணக்கிட வேண்டியிருந்தது. உள்நாட்டுப் பொறியாளர்களைக் கொண்டு அவை விரைவாகக் கணினிமயமாயின. இட்டாவு வங்கி 1979-இல் இட்டாவுடெக் என்ற கணினி நிறுவனத்தையே தொடங்கியது. ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் கணினியை வடிவமைக்கக் கற்றனர்.

ஆனால் அந்தக் கல்விக்கான கட்டணத்தைச் செலுத்தியவர் யார் என்பதே கேள்வி. வங்கி தன் செலவை வாடிக்கையாளரிடம் பெற்றுக்கொள்ளும். வசதி உள்ளவர் வெளிநாடு சென்று வாங்கி வருவார். ஒரு பள்ளியோ சிறு கடைக்காரரோ மாணவரோ அவ்வாறு செய்ய இயலாது. கணினி பிற தொழில்கள் அனைத்துக்கும் கருவி என்பதால், அதன் விலை ஏறும்போது பிற தொழில்களும் பின்தங்குகின்றன. கூலி குறைந்த நாட்டில் இச்சுமை இன்னும் பெரிது. ஒரு நாட்டில் ஒரு வாரச் சம்பளத்துக்குக் கிடைக்கும் கருவிக்கு மற்றொரு நாட்டில் பல மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பிரேசிலின் வரலாறு காட்டும் உண்மை ஒன்று உண்டு. விலையின் ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலத்தில் ஒரு காரணத்துக்காக வைக்கப்பட்டது. போர்க்கப்பல், எண்ணெய் நெருக்கடி, பொறியாளர்களின் வேலைவாய்ப்பு, மாநிலங்களின் வருவாய் என ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. காரணம் மறைந்த பிறகும் அடுக்கு தானாக அகலவில்லை. அதை நம்பி வாழ்வோர் அதற்குள் உருவாகிவிட்டனர். எட்டு ஆண்டுகளுக்கென எழுதப்பட்ட சட்டத்தின் சுமை, அச்சட்டத்தின் காலத்தில் பிறந்தே இராதவர்கள் வாங்கும் கணினியின் விலையிலும் தொடர்கிறது.