பல்லாவரத்துக் கல்லும் அணுவின் அரைவாழ்வும்

நம் கூடுவாஞ்சேரியில் மின்தொடர் வண்டி ஏறித் தாம்பரம் கடந்து சென்றால் பல்லாவரம் வரும். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆங்கிலேயர் அவ்வூர்ச் சரளைக் குழியொன்றில் கையால் செதுக்கப்பட்ட கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகறியச் செய்த கல் அது. அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பாரும், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டனர்.

இவ்வரலாற்றை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், "ஐயா, கல்லுக்கு வயது எப்படித் தெரியும்?" என்று மாணவர் நம்மைக் கேட்பதுண்டு. நல்ல வினா. பூட் அவர்களாலும் 'மிகப் பழையது' என்று சொல்ல முடிந்ததேயன்றி, ஆண்டுக் கணக்குச் சொல்ல முடியவில்லை. விடை கிடைக்க ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தரைமேல் கிடக்கும் கல்லைத் தாக்கும்போது, அதன் குவார்ட்ஸ் படிகத்தில் பெரிலியம்-10, அலுமினியம்-26 என்னும் கதிரியக்க அணுக்கள் சிறிதளவு உண்டாகின்றன. கல் மண்ணுள் ஆழப் புதைந்தால் அவ்வரவு நிற்கும். அழிவு மட்டும் தொடரும். அலுமினியம்-26 ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டில் பாதியாகும்; பெரிலியம்-10 அதனினும் மெல்ல அழியும். எனவே, இரண்டும் எந்த விகிதத்தில் எஞ்சியுள்ளன என்று அளந்தால், கல் புதைந்த காலம் புலனாகும்.

ஆனால், கடிகாரத்தைக் கொண்டு காலம் சொல்லுமுன் கடிகாரம் சரியா என்று பார்க்க வேண்டும் அல்லவா? பெரிலியம்-10இன் அரைவாழ்வு சுமார் 15 லட்சம் ஆண்டு என்று பலர் நெடுநாள் கொண்டிருந்தனர். வேறு சில அளவீடுகள் அதனினும் குறைந்த எண்ணைக் காட்டின. பாதி அழியும்வரை காத்திருந்து பார்ப்பது யாராலும் ஆகாது. ஆதலின் அறிஞர் வேறு வழி கண்டனர். ஒரு கரைசலில் மொத்தம் எத்தனை அணுக்கள் உள்ளன என்று ஒரு கருவியால் கணிப்பர். குறித்த நேரத்தில் எத்தனை அழிகின்றன என்று மற்றொரு கருவியால் எண்ணுவர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அழியும் வேகம் கிடைக்கும். 2010இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம், மியூனிக் நகரங்களின் இரு ஆய்வுக் குழுவினர், அணுக்களை வெவ்வேறு முறையில் கணக்கிட்டும் ஏறக்குறைய ஒரே விடையை அடைந்தனர். அது 13.87 லட்சம் ஆண்டு. பிழை ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றே. 20 லட்சம் அணுக்களில் ஆண்டுக்கு ஒன்று அழிகிறது என்பது இதன் பொருள்.

இத்திருத்தம் சிறிதன்று. மற்ற அளவுகள் மாறாதிருக்க, 15 லட்சம் ஆண்டுப் பழமையுடைய கல்லின் கணக்கில் இது ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் வேறுபாடு உண்டாக்கும்.

1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்த சாந்தி பப்பு அம்மையார் குழுவினர், இம்முறையால் கண்ட முடிவை 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரி அடுக்குகள் 10.7 லட்சம் ஆண்டுகளுக்குக் குறைந்தவை அல்ல. சராசரி வயது 15.1 லட்சம் ஆண்டு. பிழை 70 ஆயிரம் ஆண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதே அது. பிழையின் அளவையும் மறைக்காமல் சொன்னார்கள் என்பதை மாணவர் கவனிக்க வேண்டும்.

நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. செப்பேடுகள் நிலம் கொடுத்தவரையும் பெற்றவரையும் விரித்துரைக்கும். அந்நிலத்தில் உழைத்தவர் பெயரை அருகியே கூறும். ஏட்டில் இடம் பெறாதவர்க்கு வரலாறே இல்லை என்று நம் முன்னோர்க்குச் சொல்லப்பட்டது. ஏடு எழுதாத கைகளின் வேலையையும் மண் காத்து வைத்திருக்கிறது. அணுவோ, எண்ணுபவர் யார் என்று பார்ப்பதில்லை. எவர் முறையாக எண்ணினாலும் ஒரே விடை தரும்.

அதற்காக, அக்கோடரி செய்தவர் எம் குலத்தார் என்று நாம் உரிமை கொண்டாடலாகாது. இன்றைய மனித இனம் தோன்றியே ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தாம் ஆகின்றன. அவர்கள் அதற்கும் முற்பட்டோர். அவர்களுக்குச் சாதியும் இல்லை, மேல் கீழும் இல்லை. பழம்பெருமை பேசிப் பிறரைத் தாழ்த்துவோர்க்கு அந்தக் கல் சொல்லும் விடை இதுவே.

நம் பிள்ளைகள் பல்லாவரத்தைக் கடக்கும்போது ஒரு கணம் அக்கல்லை நினைக்கட்டும். எதனைக் கேட்டாலும் "எப்படித் தெரியும்?" என்று வினவட்டும். அளந்து, பிழையையும் சேர்த்துச் சொல்லும் நேர்மை அவர்களுக்கு வாய்க்குமாயின், இருபத்தைந்து ஆண்டுகள் இச்சங்கம் பட்ட பாடு வீண்போகவில்லை என்போம்.