ஓப்பன் சோர்ஸ் பயனர்கள் எங்கே கேள்வி கேட்பது?

புனே பக்கம் சாகணில் ஒரு உதிரிபாக யூனிட்டில் வேலை பார்க்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. ராத்திரி ஷிஃப்ட்டில் ஈஆர்பிநெக்ஸ்ட் ஏதோ பிழை காட்டுது. பிழைச் செய்தியை அப்படியே கூகுளில் போடுவீங்க, இல்லையா? மும்பையில் உருவான இந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் பயனர் மன்றம் ‘டிஸ்கோர்ஸ்’ மென்பொருளில் இயங்குகிறது. யாரோ எப்போதோ கேட்ட கேள்வியும் அதற்கான பதிலும் லாகின் இல்லாமலே கிடைக்கும்.

அதே பதில் வாட்ஸ்அப் குழுவிலோ டிஸ்கார்டிலோ கிடந்தால் கூகுள் கண்ணில் படாது. ஸ்லாக் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் கடைசி 90 நாள் உரையாடல்தான் தெரியும். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். சம்பளமில்லாமல் பதில் சொல்பவர்கள் ஒருநாள் சலித்து விலகிடுவாங்க.

உங்கள் புராஜெக்ட்டுக்கும் டிஸ்கோர்ஸையே முதலில் பாருங்க. அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான், ஆனால் லேசானதல்ல. குறைந்தது 1 ஜிபி ரேம் உள்ள சர்வர் வேணும். மெயில் அனுப்பும் சேவையும் தனியாக வேணும்; புதிதாக நிறுவுபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். கட்டுப்படியாகலைன்னா, 2000-த்திலிருந்து இருக்கும் பிஎச்பிபிபி சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கிலேயே ஓடும். பார்க்கக் கொஞ்சம் பழசு, அவ்வளவுதான். எதை எடுத்தாலும், முழு டேட்டாவையும் பேக்கப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று நிறுவும் அன்றே சோதித்துவிடுங்கள்.