பிணியை விலக்குவோம், பிள்ளையை விலக்கோம்

நம் சங்கம் 25 ஆண்டுக் கல்விப் பணியை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், படித்துப் பட்டம் பெற்றோரின் கணக்கை இம்மலரில் பெருமையுடன் எடுத்துரைப்பது இயல்பே. ஆயினும் பள்ளி வாயில்வரை வந்து திரும்பிப் போனோரின் கணக்கையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வறுமையால் திரும்பியோர் பலர். சாதிக் கொடுமையால் திருப்பப்பட்டோர் பலர். இவ்விரண்டோடு மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அதுவே நோய். சிரங்கு, கண்ணோய், வயிற்றுப்போக்கு என்று சில நாள் வீட்டில் நிறுத்தப்பட்ட பிள்ளை, ஆடு மேய்க்கவோ தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ பழகி, பின்னர் பள்ளிப் பக்கமே வாராது போவதை ஆசிரியப் பணியிலுள்ள நாம் நன்கறிவோம்.

குழந்தைகள் பலர் கூடுமிடத்தில் தொற்றுநோயைத் தடுப்பது எவ்வாறு? தடுக்கும்போது ஒரு குழந்தையையும் இழவாதிருப்பது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் உலகம் விடை தேடிய வரலாறு நம் இளைஞர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

தொடக்க முயற்சிகள்

வேலைக்குச் செல்லும் ஏழைத் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்கென 1844ஆம் ஆண்டு பாரிசு நகரில் ஃபிர்மின் மார்போ என்பார் குழந்தைகள் காப்பகம் ஒன்றைத் தோற்றுவித்தார். நோயுற்ற குழந்தையைச் சேர்த்தலாகாது என்பதும், மருத்துவர் வந்து பார்வையிடல் வேண்டும் என்பதும் அதன் விதிகளுள் அடங்கும். நோய்க்கிருமிகளைப் பற்றிய தெளிவான அறிவு பிறவாத காலம் அது. மூன்றாண்டு கழித்து, 1847இல், வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைசு என்னும் மருத்துவர், பிரசவம் பார்ப்போர் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவினாலே தாய்மாரின் காய்ச்சல் மரணங்கள் பெரிதும் குறையும் என்று செய்து காட்டினார். அவர் வாழ்நாளில் அவ்வுண்மையை ஏற்றோர் சிலரே. பின்னர் பாஸ்டர், காக் ஆகியோரின் ஆராய்ச்சிகள் கிருமிகளை உலகிற்கு அறிவித்தன.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியதை அடுத்து, 1894ஆம் ஆண்டு முதல் மருத்துவர்கள் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளைச் சோதிக்கலாயினர். 1897இல் நியூயார்க் நகரமும் இம்முறையை மேற்கொண்டது. நோய் கண்ட பிள்ளையை வீட்டிற்கு அனுப்புவதே மருத்துவரின் வேலை. அனுப்பப்பட்ட பிள்ளை என்ன ஆயிற்று என்று பார்ப்பது எவருடைய வேலையும் அன்று.

நியூயார்க் நகரம் கற்பித்த பாடம்

நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதி, பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியாகும். அங்கு ஹென்றி தெருவில் லில்லியன் வால்டு என்னும் செவிலியர் தொண்டு இல்லம் ஒன்றை நடத்தி வந்தார். தலைப்புண் காரணமாகப் பள்ளியில் இடம் பெறாத 12 வயதுச் சிறுவன் ஒருவனை அவர் கண்டார். அவன் படிப்பிற்குத் தடையாக நின்ற அப்புண், முறையாக மருந்திட்டதும் ஆறிப்போயிற்று. அவனும் பள்ளியிற் சேர்ந்தான். இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்னும் கவலை வால்டு அம்மையாரைப் பற்றிக்கொண்டது.

1902ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அம்மையாரின் முயற்சியால் லினா ராஜர்சு என்னும் செவிலியர் நான்கு பள்ளிகளில் சோதனையாக அமர்த்தப்பட்டார். பேன், படர்தாமரை, சொறி போன்றவற்றிற்குப் பள்ளியிலேயே மருந்திட்டார்; பிள்ளையை வகுப்பிற்குத் திருப்பி அனுப்பினார். வீட்டில் இருத்தியே தீர வேண்டிய பிள்ளைகளின் இல்லங்களுக்குச் சென்று, மருத்துவரின் சீட்டில் எழுதியிருந்ததைத் தாய்க்கு விளக்கினார். மருந்திடும் முறையையும் செய்து காட்டினார். விளைவு வியப்பிற்குரியது. 1902 செப்டம்பர்த் திங்களில் நோயின் பொருட்டு வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். மறு ஆண்டு அதே திங்களில் அத்தொகை 1,101 ஆகக் குறைந்தது.

நோய் அந்நகரை விட்டு ஓடிப்போய்விடவில்லை. பிள்ளையைத் துரத்துவதற்கு மாறாக நோயைத் துரத்தினர்; அவ்வளவே வேறுபாடு.

இலண்டன் மாநகரின் டெப்ட்போர்டு பகுதியில் இராச்செல், மார்கரெட் மக்மில்லன் என்னும் சகோதரியர் 1910இல் பிள்ளைகளுக்கென மருத்துவ நிலையம் ஒன்றைத் திறந்தனர். மருந்து பெற்றுக் குணமடைந்து சென்ற பிள்ளைகள், காற்றும் ஒளியும் புகாத குடிசைகளில் வாழ்ந்து, அதே நோயுடன் மீண்டும் வந்தனர். மருந்து மட்டும் போதாது என்று உணர்ந்த சகோதரியர் 1914இல் திறந்தவெளி மழலையர் பள்ளியை நிறுவினர். அங்குத் தோட்டமும் காற்றும் உண்டு. குளியலும் சத்துணவும் உறக்கமும் பாடத்தின் பகுதிகளே ஆயின.

விலக்கி வைப்பது ஏன் போதாது?

நோயாளியை விலக்கி வைத்தால் நோய் பரவாது என்னும் எண்ணம் பாதி உண்மையே. தட்டம்மை கண்ட குழந்தையின் உடலில் தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்னரே நோய் பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. நாம் கண்டு விலக்கும்போது அது பலரை அடைந்திருக்கும். மஞ்சள் காமாலையின் ஒரு வகையாகிய ஏ வகைக் கல்லீரல் அழற்சியோ, சிறு குழந்தைகள் பலரிடம் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையிடமிருந்து அதைப் பராமரிக்கும் ஆயாவிற்கும் வீட்டிலுள்ள பெற்றோருக்கும் அந்நோய் பரவுவதுண்டு. ஆகவே நோயாளி யார் என்று தேடுவதைவிட, அனைவரும் எந்நாளும் காக்கத்தக்க முறைகளே முதன்மையானவை. அவை தடுப்பூசி, கை கழுவுதல், நல்ல காற்றோட்டம் என்பனவாம்.

கை கழுவுதலின் ஆற்றலை 1981இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மெய்ப்பித்தது. அமெரிக்கக் குழந்தைகள் காப்பகங்கள் சிலவற்றில், ஊழியரும் குழந்தைகளும் உண்பதற்கு முன்னும் மலம் கழித்த பின்னும் கை கழுவும் ஒழுங்கை ராபர்ட் பிளாக் என்பாரும் அவர் குழுவினரும் ஏற்படுத்தினர். அவ்வொழுங்கு இல்லாத காப்பகங்களோடு ஒப்பிடுகையில் அங்கு வயிற்றுப்போக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

தீட்டு வேறு, தூய்மை வேறு

கை கழுவுக என்று எளிதில் கூறிவிடலாம். கழுவுவதற்கு நீர் வேண்டுமே! பொதுக் கிணற்றை அணுகவும் உரிமையற்றிருந்த மக்கள் நாம். 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் அனைவருக்கும் உரியன என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்து நிறைவேற்றினார். 1927 மார்ச்சு 20ஆம் நாள் மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு நீர் அருந்தினார். அதன்பின் சாதி இந்துக்கள் குளத்தைச் சுத்தி செய்வதாகக் கூறிச் சாணத்தையும் கோமியத்தையும் குடிநீரிலே கலந்தனர்! பத்தாண்டு வழக்காடிய பின் 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் உரிமையை உறுதி செய்தது.

தீட்டு என்பது பிறப்பைப் பார்ப்பது, கழுவினாலும் போகாதது, வாழ்நாள் முழுதும் தொடர்வது. சுகாதாரமோ நோயைப் பார்ப்பது, சாதி அறியாதது, நாள் குறித்து முடிவது. ஒரு குழந்தையை நோயின் பொருட்டுத் தனியே அமர்த்துவோர், எந்நாளில் அக்குழந்தை திரும்பி வரும் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். நாள் குறிக்காத விலக்கம் சுகாதாரம் ஆகாது. அது தீண்டாமையின் மறுவடிவமே.

நம் நாட்டில்

1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 திட்டப் பகுதிகளில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் தொடங்கப்பெற்று, அங்கன்வாடி மையங்கள் தோன்றின. அவ்வாண்டு மே திங்களோடு பெரியம்மை இந்தியாவை விட்டு அகன்றது. 1980இல் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 1982 ஜூலை முதல் நாள் தமிழகத்தில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985இல் வந்தது. இளம்பிள்ளை வாதம் நம் நாட்டில் இறுதியாகக் காணப்பட்டது 2011 ஜனவரியில். 2014இல் அந்நோயற்ற நாடாக இந்தியா சான்று பெற்றது. இவ்வெற்றிகளில், ஏரியும் வயலும் கடந்து வீடுவீடாகச் சென்ற அங்கன்வாடிப் பணியாளரின் பங்கு பெரிதாகும்.

நாம் செய்ய வேண்டுவன

படித்த இளைஞர் தம் தெருவின் அங்கன்வாடியைத் தம் பொறுப்பாகக் கொள்க. அங்குக் குழாயில் நீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, சன்னல் திறந்திருக்கிறதா என்று பார்க்க. மலம் கழுவிவிடும் இடமும் உணவு பரிமாறும் இடமும் வேறு வேறாக இருத்தல் வேண்டும். ஒரே துண்டினால் பல குழந்தைகளின் முகம் துடைத்தல் ஆகாது. ஒவ்வொரு குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் பார்த்து, விடுபட்டதை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் போடச் செய்க.

வீட்டிலிருக்க வேண்டிய நாள்களையும் அறிந்துகொள்க. தட்டம்மைக்குத் தடிப்புத் தோன்றியபின் நான்கு நாள். சின்னம்மைக்குக் கொப்புளங்கள் அனைத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை. சொறிக்கு முதல் மருந்திட்ட மறுநாள்வரை. பேனுக்காக ஒரு பிள்ளையையும் வீட்டிற்கு அனுப்ப வேண்டுவதில்லை என்பதே இன்றைய மருத்துவர் கருத்தாகும். குறித்த நாள் கடந்தும் பிள்ளை வாராவிடில், அவ்வீட்டின் கதவைத் தட்டுவோர் ஒருவர் வேண்டும். நியூயார்க்கில் ஒரு செவிலியர் செய்த அப்பணியை நம் தெருக்களில் நம் சங்க உறுப்பினரே செய்தல் கூடும். அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் கண்ணும், நாலு வீடு நடந்து செல்லும் காலும் போதும்.

நம் முன்னோர் கிணற்றுக்காகப் போராடினர். நாம் அந்நீரை நம் குழந்தைகளின் கைகளில் சேர்ப்போம். அடுத்த 25 ஆண்டுகள் நிறையும் பொன்விழாவின்போது, நோயினால் படிப்பை இழந்த பிள்ளை நம் தெருக்களில் ஒன்றேனும் இல்லை என்று எழுதும் நிலை வருமாக! அதற்கு இன்றே தொடங்குவோம்.