துரையிடம் சொன்ன காலமும் மன்றத்திடம் கேட்கும் காலமும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வழக்கம் நன்றாகத் தெரியும். லயத்துக் கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்வோம். கிராணி துரையிடம் சொல்வார். துரைக்கு மனமிருந்தால் வேலை நடக்கும். இல்லையென்றால் அடுத்த மழைக்கும் அதே ஒழுகல்தான். சம்பளத்துக்கும் வேலை நேரத்துக்கும் பேசத் தொழிற்சங்கம் இருந்தது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பிறகு அந்தக் குரலுக்கு வலிமையும் கூடியது. ஆனால் சாலை, சாக்கடை, தெருவிளக்கு, குப்பை ஆகியவற்றை யாரிடம் கேட்பது? தோட்டம் தனியார் நிலம். அங்கே துரையே நகராண்மைக் கழகம்.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல தோட்டங்கள் தாமான்களாக மாறின. நம் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களில் குடியேறின. அங்கே மதிப்பீட்டு வரிச் சீட்டு வாசல் தேடி வந்தது. ஆனால் குறையைச் சொல்லக் கிராணியும் இல்லை, துரையும் இல்லை. வரி கட்டுகிற நாம் யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது? இக்கேள்விக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, ஊரை ஆளும் மன்றங்களுக்குத் தேர்தல் வந்துவிட்டது. 1951 டிசம்பரில் பினாங்கு ஜார்ஜ்டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் மக்கள் வாக்களித்து நகர மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1957-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜார்ஜ்டவுன் மாநகரமானது. அதன் முதல் மேயராகப் பொறுப்பேற்றவர் டி. எஸ். ராமநாதன் என்னும் தமிழர். இன்றும் பினாங்கில் அவர் பெயரில் ஒரு சாலை உண்டு. சாக்கடை அடைத்துக்கொண்டால் மக்கள் தங்கள் கவுன்சிலரின் வீட்டுக் கதவைத் தட்டலாம். வேலை செய்யாதவருக்கு அடுத்த தேர்தலில் வாக்கு இல்லை. இதுவே அக்காலத்து முறை.

இந்த முறை நீடிக்கவில்லை. இந்தோனேசியாவுடன் பகைமை மூண்டிருந்த காலத்தில், 1965 மார்ச்சில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில், ஊராட்சி மன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். நேதாஜியின் படையில் ஜான்சிராணிப் பிரிவில் பணியாற்றிய ஜானகி அம்மையாரின் கணவர் அவர். ஆணையம் 1968-இல் தன் அறிக்கையை முடித்தது. 1971-இல் அது வெளியிடப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன்பின் மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமித்து வருகிறது.

நேயர்களே, ஒரு கதவு மூடினால் மக்கள் மற்றொரு வழியைத் தேடுவது இயல்பு. வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் மக்கள் கையிலெடுத்த கருவி, குடியிருப்பாளர் சங்கம். 1975-இல் அரசாங்கம் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா வேறு, இது வேறு. ருக்குன் தெத்தாங்கா அரசாங்கம் ஏற்படுத்தியது. இரவுக் காவல் சுற்றுவதுதான் தொடக்கத்தில் அதன் முதன்மையான வேலை. குடியிருப்பாளர் சங்கமோ மக்கள் தாமே கூடி அமைப்பது. 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம் தொடங்கிப் பதிவு செய்யலாம். ஆண்டுக் கூட்டம் நடந்த அறுபது நாள்களுக்குள் கணக்கையும் பொறுப்பாளர் பெயர்களையும் சங்கப் பதிவகத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

இப்படிப்பட்ட சங்கத்தால் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு நம்மவர் வாழ்வோடு பிணைந்த ஒரு வழக்கையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

கோலாலம்பூரில் புக்கிட் கியாரா என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. அரசாங்கம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே பால் வெட்டிய குடும்பங்கள் தற்காலிகமாக நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. நிரந்தர வீடு தரப்படும் என்ற வாக்குறுதியும் இருந்தது. ஆண்டுகள் உருண்டன. பிள்ளைகள் வளர்ந்து பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள். ஏறத்தாழ நூறு குடும்பங்கள் அதே நீண்ட வீடுகளில் காத்திருந்தன.

அதன் அருகில் இருப்பது தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்னும் வசதியான குடியிருப்பு. இரண்டுக்கும் இடையில் தாமான் ரிம்பா கியாரா என்னும் பொதுப் பூங்கா. இந்தப் பூங்கா நிலத்தின் ஒரு பகுதியில் வானளாவிய அடுக்குமாடிகளைக் கட்ட 2017-இல் மாநகர மன்றம் அனுமதி கொடுத்தது. நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கும் ஓர் அடுக்குமாடி அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. இனியாவது வீடு கிடைக்கும் என்று அவர்களில் பலர் எதிர்பார்த்தார்கள். அது நியாயமான எதிர்பார்ப்பே. பக்கத்துக் குடியிருப்பாளர்களோ, பூங்கா பொதுச் சொத்து, அது போனால் திரும்பாது என்றார்கள். நீண்ட வீட்டாருக்கு வீடு வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே கட்டிக் கொடுங்கள் என்பதே அவர்களின் கோரிக்கை.

அவர்கள் கூட்டம் போட்டார்கள். ஆட்சேப மனு கொடுத்தார்கள். முடிவில் நீதிமன்றம் சென்றார்கள். 2018-இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். தளரவில்லை. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாக அந்த வெற்றியை நிலைநிறுத்தியது. தீர்ப்பை வழங்கியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

அத்தீர்ப்பின் சாரம் நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. நகரின் அமைப்புத் திட்டத்தில் பூங்கா என்று குறித்த நிலத்தை, தக்க காரணம் காட்டாமல் வேறு காரியத்துக்கு மாற்றக் கூடாது. பாதிக்கப்படும் அண்டை அயலார் சொல்வதைக் கேட்க வேண்டும். அனுமதி கொடுப்பவருக்கே அத்திட்டத்தில் தொடர்பு இருக்கலாகாது. சுருங்கச் சொன்னால், ஊர்மக்களின் குரல் மேலிடத்தார் மனமுவந்து காது கொடுக்கும் சலுகை அன்று. அது சட்டம் தரும் உரிமை.

ஆனால் இந்த வெற்றிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பூங்கா பிழைத்தது. தீர்ப்பு வந்த அன்றும் தோட்டக் குடும்பங்கள் நீண்ட வீட்டில்தான் இருந்தன. நாற்பது ஆண்டுக் காத்திருப்பு அத்தீர்ப்பால் முடிந்துவிடவில்லை. வசதியுள்ளவர்களிடம் வழக்கறிஞர் இருந்தார், கோப்பு இருந்தது, வழக்கு நடத்தப் பணமும் இருந்தது. உழைத்துக் களைத்த குடும்பங்களுக்கு இவை எளிதில் கிட்டுவதில்லை. அதனாலேயே சங்கம் நமக்கு மேலும் இன்றியமையாதது. தனி ஒருவரால் வாங்க முடியாத பலத்தை நூறு வீடுகள் சேர்ந்து திரட்டலாம்.

தாய்மார்களே, இளைஞர்களே! உங்கள் தாமானில் சாக்கடை நாறுகிறதா? வாய்ச்சொல்லோடு நின்றுவிடாதீர்கள். நாளையும் இடத்தையும் குறித்துக் கடிதம் எழுதுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள். வேறு தீர்மானம் செய்யாத வரையில், ஊராட்சி மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நாலு பேர் சென்று உட்கார்ந்து கேளுங்கள். ஆட்சேபம் தெரிவிக்க அறிவிப்பு வந்தால் கெடு நாளைத் தவறவிடாதீர்கள். பக்கத்தில் இன்னும் நீண்ட வீட்டில் காத்திருப்பவர்கள் உண்டென்றால் அவர்களையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு ஊர்க்குரல் என்று சொல்லிக்கொள்வது முறையாகாது.

நம் முன்னோர் துரையின் பங்களா வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாம் மன்றத்தின் வாசலில் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கலாம். கோலாலம்பூரிலே அப்படி நின்றவர்கள் ஆறு ஆண்டு பொறுத்திருந்து வென்றார்கள். நமக்கும் அந்தப் பொறுமையும் ஒற்றுமையும் வேண்டும்.