முடிந்த ஆண்டுகளுக்கு வந்த வரி

வரிச் சட்டத்தை முன்தேதியிட்டு மாற்றும் அதிகாரம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு என்றைக்கும் உண்டு. அதைத் தடுக்கும் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் அந்நாட்டில் இல்லை. ஆனாலும் நெடுங்காலம் அந்த அதிகாரம் அபூர்வமாகவே பயன்பட்டது. ஒருவர் ஒரு வேலையைச் செய்யும் நாளில் எந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறதோ அதன்படிதான் வரி என்பது நாடாளுமன்றம் பொதுவாக மதித்த மரபு.

1978-இல் அந்த மரபு தளர்ந்தது. பண்டங்களின் முன்பேர வணிகத்தில் செயற்கையாக நஷ்டம் காட்டி வருமான வரியைக் குறைக்கும் திட்டங்கள் அப்போது பெருகியிருந்தன. தொழிற்கட்சி அரசின் நிதிச் சட்டம் 1976 ஏப்ரல் வரை பின்னுக்குப் போய் அவற்றைச் செல்லாததாக்கியது. அந்த விவாதத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் பீட்டர் ரீஸ் சில நிபந்தனைகளை முன்வைத்தார். எந்தத் தேதியிலிருந்து சட்டம் மாறும், எந்த வகைத் திட்டத்துக்குப் பொருந்தும் என்று குறிப்பான எச்சரிக்கையை அரசு முன்கூட்டியே தர வேண்டும் என்பது அவற்றில் தலையானது. பின்னாளில் இவை ‘ரீஸ் விதிகள்’ என்று பெயர் பெற்றன. 2004 டிசம்பர் 2 அன்று கருவூல அமைச்சர் டான் பிரிமரோலோ விடுத்த அறிக்கை ஏறக்குறைய இந்த வழியில் வந்ததுதான். ஊதியத்தை மறைக்கும் புதிய திட்டம் எது வந்தாலும் அந்தத் தேதி வரை பின்னுக்குப் போய்ச் சட்டம் பாயும் என்று அவர் அறிவித்தார். 2006-இல் அப்படியே நடந்தது. அதில் சிக்கியவை பெரும்பாலும் வங்கிகளின் போனஸ் திட்டங்கள். வங்கிகளிடம் வழக்கறிஞர்களும் ஆலோசகர்களும் இருந்தார்கள்.

சாதாரண ஊழியர்கள் இந்த வலைக்குள் வந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. தனி நிறுவனம் தொடங்கி அதன் வழியாக வேலை செய்பவர், நடைமுறையில் ஊழியர் போலவே இருந்தால் அவருக்கும் சம்பள வரி உண்டு என்ற விதியை 1999 பட்ஜெட் அறிவித்தது. செய்திக் குறிப்பின் எண்ணால் அது ‘ஐஆர்35’ எனப்பட்டது. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. யார் இதற்குள் வருவார், யார் வரமாட்டார் என்பதை வல்லுநர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்தக் குழப்பத்தை வியாபாரமாக்கியவர்கள் திட்ட விற்பனையாளர்கள். “எங்கள் வழியில் வாருங்கள், ஐஆர்35 தொல்லை இருக்காது, வழக்கறிஞர் கருத்தும் கையில் இருக்கிறது” என்பதே அவர்களுடைய பேச்சு.

முதலில் வந்தது ஐல் ஆஃப் மேன் தீவின் கூட்டு நிறுவனத் திட்டம். 1955-ஆம் ஆண்டின் இரட்டை வரி ஒப்பந்தத்தை வைத்து, கணினித் துறை ஒப்பந்த ஊழியரின் வருமானம் தீவில் உள்ள கூட்டு நிறுவனத்தின் லாபமாகக் காட்டப்பட்டது. சேர்ந்தவர்கள் இதை ஆண்டுதோறும் வரிக் கணக்கில் தெரிவித்தார்கள். வருவாய்த் துறை விசாரணையைத் திறந்து வைத்ததே தவிர, பல ஆண்டுகள் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகவில்லை. 2008 மார்ச் பட்ஜெட்டில் ‘பிஎன்66’ என்ற குறிப்பு வெளியானது. அதன் வழியே வந்த நிதிச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, ஒப்பந்தத்துக்குத் தான் தரும் பொருளே தொடக்கம் முதல் இருந்துவந்த பொருள் என்று விதித்தது. ஆயிரக்கணக்கானோர் பல ஆண்டு வரியையும் அதன் வட்டியையும் ஒருசேரக் கட்ட வேண்டியதாயிற்று. மனித உரிமைச் சட்டத்தை நம்பித் தொடுத்த வழக்கு 2010-இல் உயர் நீதிமன்றத்திலும் 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. 1987-இலேயே இதே வகை ஏற்பாட்டுக்கு எதிராக ஒரு முன்தேதிச் சட்டம் வந்திருந்ததால், இவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. வரிச் சட்ட வரலாறு படித்தவருக்கு அது பொருந்தலாம். ஏஜென்சி காட்டிய தாளில் கையெழுத்திட்ட நிரலாளருக்கு அது கடுமையான அளவுகோல்.

இதைவிடப் பரவலாகப் பாதித்தது கடன் திட்டம். ஊழியருக்குக் குறைந்தபட்சக் கூலி அளவில் ஒரு சம்பளம் சம்பளச் சீட்டில் வரும். மீதித் தொகை வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றிலிருந்து ‘கடன்’ என்ற பெயரில் அவர் வங்கிக் கணக்கில் விழும். கடனுக்கு வருமான வரி கிடையாது என்பது திட்டத்தின் வாதம். திருப்பிக் கேட்பாரும் கிடையாது. நடத்துபவர் ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்வார். கணினித் துறையினர் மட்டுமல்லாமல் செவிலியர், சமூகப் பணியாளர், தற்காலிக ஆசிரியர் என்று பலர் இதில் இருந்தார்கள். இந்த வழியில் சம்பளம் வாங்கச் சம்மதித்தால்தான் வேலை என்று ஏஜென்சி சொன்ன இடங்களும் உண்டு.

2010 டிசம்பர் 9-க்குப் பிறகு இத்தகைய கடன்களை ஊதியமாகக் கருதும் சட்டம் வந்தது. திட்டங்கள் உருமாறித் தொடர்ந்தன. 2016 பட்ஜெட்டில் அறிவித்து 2017-இல் சட்டமான ‘லோன் சார்ஜ்’, 1999 ஏப்ரல் 6 முதல் வாங்கி 2019 ஏப்ரல் 5 அன்று நிலுவையில் இருந்த கடன் அனைத்தையும் ஒரே ஆண்டின் வருமானமாகச் சேர்த்தது. வருங்காலத் தேதியில் உள்ள நிலுவைக்குத்தான் வரி, ஆகவே இது முன்தேதிச் சட்டமே அல்ல என்று அரசு வாதிட்டது. இந்த வாதத்தை ஏற்பது கடினம். வரிக் கணக்கைச் சாதாரணமாக நான்கு ஆண்டுக்குள்ளும், கவனக்குறைவு இருந்தால் ஆறு ஆண்டுக்குள்ளும்தான் மீண்டும் திறக்கலாம். வேண்டுமென்றே செய்த தவறுக்குத்தான் இருபது ஆண்டு. துறை உரிய காலத்தில் கேள்வி கேட்காமல் விட்ட ஆண்டுகள் சட்டப்படி முடிந்துபோனவை. லோன் சார்ஜ் அந்தப் பாதுகாப்பைச் சுற்றிக்கொண்டு போனது. 2018 டிசம்பரில் பிரபுக்கள் சபையின் பொருளாதார விவகாரக் குழுவும் அதைக் கடுமையாகக் குறைகூறியது.

ஒரே ஆண்டில் சேர்ப்பதன் விளைவை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். ஆண்டுக்கு 12,000 பவுண்டு சம்பளமும் 20,000 பவுண்டு கடனும் பத்து ஆண்டு வாங்கிய ஒருவர், அதை அந்தந்த ஆண்டின் ஊதியமாகக் காட்டியிருந்தால் கடன் பகுதிக்கு ஏறக்குறைய 20 சதவீத வரிதான். மொத்தம் சுமார் 40,000 பவுண்டு. இரண்டு லட்சமும் 2018–19 கணக்கில் சேர்ந்தால் வரியில்லா வரம்பு முழுதும் பறிபோய், வருமானம் 40, 45 சதவீத அடுக்குகளுக்கு ஏறி, வரி சுமார் 80,000 பவுண்டு ஆகிவிடும்.

சுமார் 50,000 பேர் பாதிக்கப்படுவர் என்று அரசே மதிப்பிட்டது. வசூலான தொகையில் பெரும்பகுதி நிறுவனங்களிடமிருந்து வந்தது என்பது துறையின் கணக்கு. ஆனால் வேலை கொடுத்த நிறுவனம் வெளிநாட்டில் இருந்தாலோ மூடப்பட்டுவிட்டாலோ பொறுப்பு ஊழியர் மேலேயே விழுந்தது. திட்டத்தை விற்றுக் கட்டணம் வாங்கியவர்களுக்கு இந்த வரியில் பங்கு இல்லை. இந்த அமைப்பின் மிகப் பெரிய அநீதி இதுதான். லோன் சார்ஜுக்கு ஆளானவர்களில் பத்துப் பேரின் தற்கொலைகளைத் துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இந்தியாவில் 2012-இல், வோடஃபோன் நிறுவனத்துக்கு வரி இல்லை என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மாற்ற 1962 வரை பின்னுக்குப் போன திருத்தம் வந்தபோது, அந்நிறுவனமும் கெய்ர்ன் நிறுவனமும் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய் 2020-இல் வென்றன. மறு ஆண்டே அரசு அந்த வரிக் கோரிக்கைகளைக் கைவிட்டு, வசூலித்ததைத் திருப்பித் தர முன்வந்தது. பிரிட்டிஷ் ஒப்பந்த ஊழியருக்கு அப்படிப்பட்ட நடுவர் மன்றம் எதுவும் இல்லை. நீதிமன்றமும் கைகொடுக்காத நிலையில் அவருக்கு எஞ்சியது நாடாளுமன்றம் மட்டும்.

அந்த வழியில் ஓரளவு நிவாரணம் கிடைத்தது. 2019 டிசம்பரில் வெளியான சர் அமியாஸ் மோர்ஸ் ஆய்வின்படி, 2010 டிசம்பர் 9-க்கு முந்தைய கடன்கள் விலக்கப்பட்டன; மீதியை மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துக் காட்டவும் வழி பிறந்தது. 2025 ஜனவரியில் ரே மெக்கான் தலைமையில் இரண்டாவது ஆய்வு தொடங்கி, நவம்பர் பட்ஜெட்டோடு அதன் அறிக்கை வெளியானது. பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை அரசு ஏற்றது. ஆனால் அந்த ஆய்வு துறையோடு இன்னும் கணக்கு முடிக்காதவர்களைப் பற்றியது. கேட்ட தொகையை முன்பே கட்டி முடித்தவர்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை.