இருமுறை விலை கொடுத்த பள்ளிகள்

மூடப்பட்ட பள்ளிக்கூடம் ஊர்ப் பொதுமன்றமாக மாறுவது எங்கும் நிகழ்வதே. ஆயினும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ‘ரோசன்வால்டு பள்ளிகள்’ அவ்வாறு மாறிய வரலாறு நம் சிந்தனைக்குரியது.

1912இல், டஸ்கீகி கல்விநிலையத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன், யூத வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு ஈந்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு அலபாமாவில் கறுப்பினச் சிறார்க்கு ஆறு பள்ளிகள் எழுப்ப இசைவு பெற்றார். 1932க்குள் அவை 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 ஆகப் பெருகின. ஆனால் ரோசன்வால்டு முழுச்செலவையும் ஏற்கவில்லை. அரசும் ஊராரும் தம் பங்கைத் தரவேண்டும் என்பது நிபந்தனை. ஏற்கெனவே வரி செலுத்தியிருந்த எளிய உழவர் மீண்டும் கொடுத்தனர். சிலர் பருத்தி வயலில் ஒரு துண்டைப் பள்ளிக்கென ஒதுக்கினர். மரமும் உடலுழைப்பும் தந்தோர் பலர். கறுப்பின மக்கள் திரட்டிய தொகை 47 இலட்சம் டாலர். ரோசன்வால்டு நிதி அளித்தது 43 இலட்சம். எனினும் பெயர் நிலைத்தது அவருக்கே!

அக்கட்டடங்களின் அமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. மின்விளக்கு இல்லாத ஊர்கள் ஆதலால், கிழக்கும் மேற்கும் ஒளி புகுமாறு நெடிய சன்னல்களை வரிசையாக வைத்தனர். வகுப்பறைகளுக்கு இடையே பல பள்ளிகளில் நகர்த்தக்கூடிய தடுப்பு இருந்தது. அதை விலக்கினால் ஊரே கூடும் மண்டபம்! பொதுமன்றம் என்பது பின்னாளில் வந்த பயன் அன்று; வரைபடத்திலேயே இருந்தது.

1954இல் உச்சநீதிமன்றம், பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டத்துக்கு முரண் என்றது. தீர்ப்பு நீதியானது, நமக்கு ஐயமில்லை. ஆனால் சிற்றூர்ப் பள்ளிகளை ஒன்றிணைத்தபோதும், மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்துப் பிரிவினையை நீக்கியபோதும், பூட்டப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினத்தார் பள்ளிகளே. பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர் வேலையிழந்தனர். நீதியின் செலவையும் ஒடுக்கப்பட்டோரிடமே வாங்குவது என்ன நியாயம்?

கைவிடப்பட்டவற்றுள் பல வைக்கோல் அறைகளாயின; சில இடிந்தன. வேறு சிலவற்றை அண்டையிலிருந்த திருச்சபைகளும் முன்னாள் மாணவரும் மீட்டனர். தாம் எழுப்பியதையே மீண்டும் முயன்று பெறவேண்டிய நிலை. 2002இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை இவற்றை அழிவின் விளிம்பில் உள்ளவை என அறிவித்த பிறகே வெளியார் கவனம் திரும்பியது. எஞ்சியிருப்பவை சுமார் 500.

டென்னசியில் கெய்ரோ என்னும் சிற்றூரில் ஒற்றை ஆசிரியர் பள்ளி ஒன்று உண்டு. 1922-23இல் எழுந்து, 1959இல் மூடப்பட்டது. ஊரார் அதைக் கைவிடவில்லை, தம் பொதுமன்றமாக்கிக்கொண்டனர்.